கவுன்சிலருக்குக் காட்டாத கோப்பு

மாநகராட்சி மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி வரும், கவனிச்சிருப்பீங்க. ஒரே கூட்டத்தில் இத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றம், எதிர்க்கட்சி வெளிநடப்பு, மேயர் விளக்கம். அவ்வளவுதான். நாம அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. எண்பது தீர்மானம், ரெண்டு மணி நேரக் கூட்டம்னு வச்சுக்குவோம். ஒரு தீர்மானத்துக்கு ஒன்றரை நிமிஷம். அதுல ஒண்ணு கோடிக்கணக்கான ரூபாய்க்கு மழைநீர் வடிகால் டெண்டரா இருக்கலாம். இன்னொண்ணு உங்க தெரு பள்ளிக்கூடத்து கட்டிடமா இருக்கலாம். கை தூக்கின உறுப்பினருக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? யார் சொன்னாங்க? எப்ப சொன்னாங்க?

யாருக்கு ஓட்டு, எத்தனை வார்டு, எந்தக் கட்சி ஜெயிச்சது என்பதெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. ஜெயிச்சு உள்ளே போனவருக்கு நகரத்து வேலைகளைப் பற்றி எவ்வளவு தகவல் கிடைச்சுது என்ற கோணத்தில் சென்னை மாநகராட்சியின் வரலாற்றைப் பார்த்தால் வேற ஒரு படம் தெரியுது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் 1688. கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் இருந்து 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தை அனுப்ப, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கியது. நத்தேனியல் ஹிக்கின்சன் முதல் மேயர். கூடவே ஆல்டர்மன் என்று பன்னிரண்டு பேர். வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. போர்த்துகீசியர், யூத வணிகர், உள்ளூர் இந்துக்கள் என்று கலவையான சபை. படிச்சா ஆச்சரியமா இருக்கும், அந்தக் காலத்திலேயே இவ்வளவு பரந்த மனசான்னு.

பரந்த மனசெல்லாம் இல்லீங்க. கம்பெனியின் பெரிய தலை ஜோசையா சைல்டின் கணக்கு வேற. வரியைக் கோட்டையில் இருந்து கவர்னர் போட்டால் ஜனங்க முறைப்பாங்க. அவங்க ஆளுங்களே உட்கார்ந்த ஒரு சபை போட்டால் முணுமுணுக்காமல் கட்டுவாங்க. டச்சுக்காரங்க தங்கள் ஊர்களில் செய்வதைப் பார்த்து வந்த யோசனை இது. அதாவது சபை வேண்டியது முடிவெடுக்க இல்லை, எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்க. ஆனா ஜனங்க அவ்வளவு லேசுப்பட்டவங்களா? வரி ஒழுங்கா வசூலாகலை. டவுன் ஹால், பள்ளிக்கூடம் என்று சாசனத்தில் இருந்த திட்டங்கள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றன. கடைசியில் அந்த அமைப்பு வழக்கு விசாரிக்கிற மேயர் கோர்ட்டாகத்தான் அதிகம் பிழைத்திருந்தது. எதுக்கு என்று சொல்லாமல் பணம் கேட்டால் என்ன ஆகும் என்பதை மதராஸ்காரங்க அப்பவே காட்டிட்டாங்க :-)

ரொம்ப தூரம் தாண்டி 1882-க்கு வருவோம். அந்த மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டார். நிர்வாகம் உடனே மேம்பட்டுவிடும் என்பதற்காக இதைச் செய்யவில்லை, மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கவே முக்கியமாகச் செய்கிறோம் என்பது அதன் சாரம். ஊராட்சியும் நகராட்சியும் ஒரு பள்ளிக்கூடம் என்கிற பார்வை. சென்னையில் 1913-ல் திறந்த வெள்ளை மாளிகைக்கு அவர் பெயரை வைத்ததில் நியாயம் இருக்கு. ஆனா பள்ளிக்கூடம்னு சொன்னா பாடப்புத்தகம் வேணுமே? உறுப்பினர் கையில் என்ன கொடுக்கணும், யார் கொடுக்கணும் என்பது அடுத்த நாற்பது வருஷத்துக்குப் பெரிய கேள்வியாகவே இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு வித்தியாசமான பதில் 1914-ல் கப்பல் ஏறியது. அப்போ மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸை அவர் இங்கே அழைத்தார். கெடஸிடம் நகரங்கள் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்று இருந்தது. வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் என்று பல வருஷமாகச் சேர்த்தது. நகரசபை உறுப்பினர்களும் அதிகாரிகளும் பொதுஜனமும் நேரில் பார்த்து, ஒரு ஊர் எப்படி வளருது, எங்கே நோகுது என்று புரிஞ்சுக்கணும் என்பதுதான் அதன் நோக்கம்.

அடுத்து நடந்ததுதான் சினிமா. கண்காட்சிப் பொருட்கள் வந்த கப்பலின் பெயர் கிளான் கிராண்ட். 1914 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலில் அதை மூழ்கடித்தது எம்டன்! ஆமாங்க, செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போன அதே எம்டன். 'அவன் சரியான எம்டன்'னு நாம இன்னைக்கும் சொல்றோமே, அந்தக் கப்பல் சென்னைக்குச் செய்த ரெண்டாவது சேதம் இது. முதலாவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், இதை யாரும் பேசறதில்லை. கெடஸ் அசரலை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் கடற்கரையோர செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது.

கெடஸ் அதோட விடலை. மாகாணத்தின் பல ஊர்களுக்குப் போய் தெருத்தெருவாக நடந்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அங்கே நெரிசலைக் குறைக்க, வரிசையாக வீடுகளை இடிச்சு கோடு போட்ட மாதிரி நேர்த்தெருக்கள் அமைக்க ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடஸ் சந்து சந்தாகச் சுற்றிவிட்டு மாற்றுப் படம் ஒன்று வரைந்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, காலி மனைகளைத் திறந்த வெளியாக்கி, மரம் நட்டு, இருக்கிற சந்துகளையே சரி பண்ணினால் போதும். செலவும் குறையும், வீடு இழக்கிறவங்களும் குறைவு. ரெண்டு படத்தையும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. மேஜையில் ஒரே ஒரு திட்டம் இருந்தால் உறுப்பினருக்கு ரெண்டே வழி, கை தூக்கணும் இல்லைன்னா கத்தணும். ரெண்டு திட்டமும் ரெண்டு செலவுக் கணக்கும் இருந்தால்தான் அவர் யோசிக்கவே முடியும். 'எங்களுக்குத் தகவல் சொல்லிட்டாங்க' என்பதற்கும் 'எங்களிடம் கேட்டாங்க' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அடுத்த மைல்கல் 1919-ஆம் வருஷத்து சென்னை மாநகராட்சிச் சட்டம். அதுவரை மாநகராட்சித் தலைவர் என்பவர் அரசு நியமித்த அதிகாரி. கூட்டத்துக்குத் தலைமையும் அவரே, நிர்வாகமும் அவரே. புதிய சட்டம் இதை ரெண்டாகப் பிரித்தது. மன்றத்துக்குத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பாங்க. நிர்வாகத்துக்குத் தனியாக அரசு நியமிக்கும் ஆணையர். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனா இதுல ஒரு சூட்சுமம். முடிவு ஒரு அறையில், கோப்பு இன்னொரு அறையில்!

இந்த இடைவெளியை நிரப்ப சட்டம் எழுதினவங்க சில உரிமைகளை உறுப்பினருக்குத் தந்தாங்க. நகராட்சி வேலையில் அசட்டை நடந்தால், பொதுச் சொத்து வீணானால், ஒரு பகுதிக்குத் தேவை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். நிர்வாகம் பற்றி மன்றத்தில் கேள்வி கேட்கலாம். முக்கியமான மூணாவது: முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்துட்டு அலுவலக நேரத்தில் மாநகராட்சியின் ஆவணங்களைப் போய்ப் பார்க்கலாம். காட்ட முடியாது என்று சொல்வதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரணும். மற்ற ஊர்களுக்கான 1920 நகராட்சிச் சட்டத்திலும் இதே மாதிரி ஏற்பாடு இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது, தமிழ்நாட்டின் சொந்தச் சட்டமே 1997-ல்தான். அதுக்கெல்லாம் முக்கால் நூற்றாண்டு முன்னாடியே கவுன்சிலருக்கு மட்டும் ஒரு குட்டித் தகவல் உரிமை இருந்திருக்கு!

எத்தனை பேர் பயன்படுத்தினாங்க என்பது வேற கதை. எங்க சித்தப்பா ஒருத்தர் 1986 தேர்தலில் தென் மாவட்டத்து சின்ன நகராட்சி ஒன்றில் கவுன்சிலர் ஆனார். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பியூன் சைக்கிளில் வந்து அஜெண்டாவைக் கொடுத்துட்டுப் போவாராம். ஒரு தடவை சாக்கடைக் கட்டின வேலைக்கு பில் பாஸ் பண்ணும் பொருள் வந்திருக்கு. சித்தப்பா எம் புக்கைப் பார்க்கணும்னு கேட்டிருக்கார். எம் புக் என்றால் செய்த வேலையின் அளவைப் பொறியாளர் எழுதி வைக்கும் அளவுப் புத்தகம். "பீரோ சாவி வச்சிருக்கவர் லீவுங்க" என்று பதில். மறுநாளும் லீவு. மூணாம் நாள் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாராம், அரை மணியில் சாவி வந்துடுச்சு. டேப்பைப் பிடிச்சு அளந்தால் நீளம் கரெக்டா இருந்திருக்கு. "ஆழம்தான்டா இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். பில் அந்தக் கூட்டத்தில் நின்னுபோச்சு. பிரிவு எண் தெரிஞ்ச ஒரே கவுன்சிலர் என்று கொஞ்ச நாள் அவருக்கு ஊரில் பெயர்.

சரி, சென்னைக்குத் திரும்புவோம். 1919 சட்டத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக வந்தவர் பிட்டி தியாகராயர். பல பத்தாண்டு மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். 1920 செப்டம்பர் 16 அன்று நடந்த கூட்டத்தில் ஒரு பொருள் வந்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை பாதிக்கிறது என்று தலைவர் மன்றத்துக்கு விளக்கினார். மன்றம் ஏற்றுக்கொண்டது.

பாருங்க, எவ்வளவு எளிமை. எந்தப் பள்ளி, யாருக்கு, எதனால், தலைக்கு எவ்வளவு. நாலு தகவல். ஒரு உறுப்பினர் முடிவெடுக்க இதுக்கு மேல என்ன வேணும்? திட்டம் இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1671 ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல்! அதாவது கணக்கு கேட்டு ஆரம்பிச்ச திட்டம், பலனையும் கணக்காகக் காட்டியது. ஆனா தொடக்கக் கல்வி நிதியில் இருந்து இதுக்குச் செலவு செய்யக்கூடாது என்று அரசு சொல்ல, 1925 ஏப்ரல் 1 முதல் நின்றுபோனது. நிறுத்தியது மன்றம் இல்லை, மேலே இருந்து வந்த உத்தரவு என்பதைக் கவனிக்கணும். 2022-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தபோது இந்தப் பழைய தீர்மானத்தையும் இந்த எண்களையும் நினைவுபடுத்தினாங்க. ஒழுங்கா எழுதி வைத்த ஒரு தீர்மானம் நூறு வருஷம் கழித்தும் பேசும்.

1933-ல் தலைவர் பதவி மீண்டும் மேயர் ஆனது, ராஜா சர் முத்தையா செட்டியார் முதல்வர். ஆனா மேயருக்கு ஒரே ஒரு வருஷம்தான் பதவி. ஊரில் எல்லா சமூகத்துக்கும் முறை வரட்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. அதே நேரம் மேயர் கோப்புகளைப் புரிஞ்சுக்கிட்டு நிமிரும்போது சால்வை போட்டு அனுப்பிடுவாங்க. ஆணையர் அலுவலகத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆள் மாறினாலும் பீரோ மாறாது. ஒரு வருஷத்திலும் சாதிக்கலாம் என்று காட்டினவர் 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டி நீர்த்தேக்கம் வேணும் என்று போர்க்காலத்திலும் அரசோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். 1940-ல் அடிக்கல், 1944-ல் வேலை முடிந்தது. 1943-லேயே அவர் காலமாகிவிட்டதால் நிரம்பிய ஏரியைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை.

இப்போ கசப்பான பகுதி. 1973. மஸ்டர் ரோல் ஊழல் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்வாங்க. மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. அதில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதி கூலி எடுத்தாங்க என்பது குற்றச்சாட்டு. 1973 டிசம்பர் 1 அன்று மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. யார் குற்றவாளி, யார் இல்லை என்ற விசாரணைக்குள் நான் போகலை. எனக்கு உறைக்கிறது வேற விஷயம்.

மஸ்டர் ரோல் ஒரு ஆவணம். அதில் நூறு பேர் இருக்கலாம். தெருவில் அறுபது பேர் மண் வெட்டிட்டு இருக்கலாம். பதிவேடு அலுவலகத்தில் இருக்கு, தெரு வார்டில் இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரிமையும் வாய்ப்பும் இருந்த ஒரே ஆள் கவுன்சிலர்தான். உறுப்பினருக்குத் தகவல் தரணும் என்றால் அதிகாரி கொடுக்க, இவர் வாங்கிக்கறது என்று நினைக்கிறோம். அது பாதிதான். தெருவில் இருப்பதைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது மீதிப் பாதி. அந்த ஒப்பீடு நடக்காத இடத்தில்தான் பொய்ப்பெயர்கள் கூலி வாங்கும்.

அதுக்குப் பிறகு என்ன செஞ்சிருக்கணும்? ஒப்பீட்டை இன்னும் கடுமையாக்கியிருக்கணும். நடந்தது என்ன? தேர்தலே இல்லை. 1973-ல் போன மன்றம் 1996 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட 23 வருஷம்! ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் யார் என்று தெரியாமல் வளர்ந்து ஓட்டுப் போடும் வயசுக்கு வந்துட்டாங்க. எத்தனை முதலமைச்சர்கள் மாறினாங்க, எந்தக் கட்சிக்கும் அவசரம் இருக்கலை. அந்த இடைவெளியில்தான் 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியை விட்டுத் தனி வாரியத்துக்குப் போனது. சத்தியமூர்த்தி எந்தத் தண்ணீருக்காக மன்றத்தில் நின்று போராடினாரோ, அந்தத் தண்ணீரே மன்றத்தின் கையில் இல்லை. இன்னைக்கும் சாக்கடை பொங்கினால் நாம கவுன்சிலரைத் திட்டறோம். அவர் இன்னொரு அலுவலகத்துக்கு போன் போட்டுட்டுக் காத்திருக்கார்.

1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் கதவைத் திறந்தது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல், கலைத்தால் ஆறு மாசத்துக்குள் மறு தேர்தல் என்று எழுதியாச்சு. மூணு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேணும் என்றும் சொன்னது. 1996-ல் ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர். 2011-ல் மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தது. எல்லாம் சரியாப் போகுதுன்னு பார்த்தால், 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, மறுபடி இடைவெளி. 2022 பிப்ரவரி வரை சென்னைக்குக் கவுன்சிலர் கிடையாது. 2021 நவம்பரில் மழை கொட்டி தி.நகர் வரைக்கும் வெள்ளம் நின்றபோது, எந்த வடிகால் எங்கே அடைச்சிருக்கு என்று வார்டில் இருந்து மன்றத்தில் எழுந்து சொல்ல ஒரு ஆள் இல்லை. 200 வார்டு இருந்தது, 200 நாற்காலி காலி.

2022-ல் வந்த மன்றத்தில் பாதிக்கும் மேல் பெண்கள், மேயர் பிரியா உட்பட. நிறையப் பேருக்கு இதுதான் முதல் தடவை. இங்கே ஒரு பழைய வியாதியைச் சொல்லியே ஆகணும். பல ஊர்களில் அதிகாரிகள் தகவலைக் கவுன்சிலருக்குச் சொல்வதில்லை, கவுன்சிலரின் வீட்டுக்காரருக்குச் சொல்றாங்க. போன் அவருக்குப் போகுது, எஸ்டிமேட் அவர் கையில் இருக்கு. கூட்டத்தில் கை தூக்க மட்டும் அந்தம்மா. 1688-ல் ஆல்டர்மன்களைக் கம்பெனி எப்படிப் பார்த்ததோ, கிட்டத்தட்ட அதே பார்வைதான்!

நல்ல விஷயமும் இருக்கு. அதே 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைகள் கூடின. 2023 ஏப்ரலில் பழைய 1919 சட்டம் போய் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பகுதி சபையில் நாமளே போய்க் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், அங்கே போய் 'ரோடு எப்ப போடுவீங்க'ன்னு கேட்பதோட நிறுத்திக்கக் கூடாது. "அடுத்த மன்றக் கூட்டத்தில் நம்ம வார்டு சம்பந்தமா என்ன பொருள் வருது? அஜெண்டா உங்க கைக்கு எப்ப வந்தது? எஸ்டிமேட்டைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்க. முதல் தடவை முழிப்பார். ரெண்டாம் தடவை அவர் போய் அதிகாரியைக் கேட்பார். மூணாம் தடவை படிச்சுட்டு வருவார். ஜனங்க கேட்பாங்க என்று தெரிஞ்சால்தான் கவுன்சிலர் கோப்பைக் கேட்பார். கவுன்சிலர் கேட்பார் என்று தெரிஞ்சால்தான் பீரோ சாவி லீவு போடாது.

கொசுறு: ரிப்பன் மாளிகைப் பக்கம் போனால் அதன் வெள்ளை நிறத்தையும் மணிக்கூண்டையும் மட்டும் போட்டோ எடுத்துட்டு வராதீங்க. பிள்ளைகள் கூட வந்தால், தலைக்கு ஒரு அணாவில் ஆரம்பிச்ச அந்தச் சிற்றுண்டிக் கதையையும் சொல்லுங்க. உங்க ஊர் நகராட்சியில் இந்த மாதிரி கோப்பு கேட்டு வாங்கின கவுன்சிலர் யாராவது இருந்தால், பின்னூட்டத்தில் எழுதுங்க மக்களே. பேர் வேண்டாம், கதை போதும்.